டாடா ஏஸுக்குக் கேம்பர் கூண்டு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வாசகர் கேள்வி

தேவகோட்டையில் ஹார்டுவேர் கடை நடத்தி வந்தேன். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கும் என் வீட்டு ஆச்சிக்கும் அறுபதைக் கடந்துவிட்டது. நகரத்தாரின் நகரக் கோயில்கள் ஒன்பதுக்கும் போய்வந்துவிட்டோம். இனி இராமேசுவரம், பழனி, திருச்செந்தூர், கொல்லிமலை என்று நினைத்தபோது கிளம்பி, நினைத்த இடத்தில் இரண்டொரு நாள் தங்கிவர ஆசை. கடையின் டாடா ஏஸ் பெட்ரோல் வண்டி வாரத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. ஆர்.சி.யில் மொத்த எடை 1,615 கிலோ, காலி எடை 865 கிலோ என்று இருக்கிறது. பின்தளம் 2,200 மி.மீ. நீளம், 1,490 மி.மீ. அகலம். வேண்டும்போது ஏற்றிக்கொண்டு வேண்டாதபோது இறக்கிவைக்கும், உள்ளே தங்கும் வசதியுள்ள கேம்பர் கூண்டு ஒன்றுக்கு வெளியூர்ப் பட்டறையில் விலை கேட்டேன். ஏழரை அடி நீளம், உள்ளே ஆறடி உயரம், டிரைவர் கேபினுக்கு மேலே நீளும் படுக்கை, பின்புறம் சமையல் மேடை, அதன் அடியில் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஏசி, டியூபுலர் பேட்டரி, கூரையில் ஒரு சோலார் தகடு. கூண்டின் எடை மட்டும் 480 கிலோ வரும் என்கிறார்கள். வண்டி 750 கிலோ தாங்கும் என்பதால் இது தாராளம் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இந்தக் கூண்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் ஆசையில் தவறில்லை. ஏற்றி இறக்கும் கூண்டு என்ற எண்ணமும் நல்ல எண்ணமே. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட கூண்டு உங்கள் வண்டிக்கு உரியதன்று. அதற்கான காரணத்தை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வகையில் எழுதுகிறேன். ஏனென்றால் நாளை வேறொரு பட்டறை வேறொரு கூண்டைக் காட்டினாலும் இதே கணக்குத்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

750 கிலோ என்பது 1,615-இலிருந்து 865-ஐக் கழித்தால் வரும் எண். காலி எடையில் நீங்களும் இல்லை, ஆச்சியும் இல்லை. இருவரும் சேர்ந்து 140 கிலோ என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கதவைச் சாத்திய நொடியிலேயே மீதம் 610 கிலோவாகிவிடுகிறது. அதில் கூண்டு 480. தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 60. டியூபுலர் பேட்டரி 150 ஆம்பியர்-மணி அளவுடையதென்றால் அமிலத்தோடு ஏறத்தாழ 55. ஏசி ஏறத்தாழ 45. சோலார் தகடும் அதன் சட்டமும் 20. ஐந்து கிலோ எரிவாயு உருளை என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடைதான். உருளையோடு சேர்த்து 12, 13 கிலோ வரும். மெத்தை, போர்வை, பாத்திரம், அரிசி, மளிகை, துணிமணி, ஸ்டெப்னி மாற்றும் கருவிகள் என எவ்வளவு சுருக்கினாலும் 70 கிலோவுக்குக் குறையாது. எல்லாம் சேர்ந்து 743 கிலோ. உங்களிடம் இருந்ததோ 610. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே 133 கிலோ அதிகம். இதில் பட்டறை சொன்ன 480 கிலோ என்பது வேலை தொடங்கும் முன் சொல்லப்படும் மதிப்பு என்பதையும் மறக்க வேண்டாம். பாடி கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டி முடித்தபின் எடை மதிப்பைவிடக் கூடுமே ஒழியக் குறைந்து நான் கண்டதில்லை. பசை, திருகு, ரப்பர் பட்டி, கீல், கடைசி நேரத்தில் சேர்க்கும் ஓர் அலமாரி என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும்.

அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஆனால் எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்தப் பாதையில் ஏறும்போது உங்கள் 694 சிசி என்ஜின் திணறும் என்பது ஒரு பக்கம். இறங்கும்போது 1,615 கிலோவுக்காக வடிவமைக்கப்பட்ட பிரேக்கில் அதற்கு மேலான எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குவது என்பது மறுபக்கம். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும் இடம் எட்டாவது வளைவா, ஐம்பதாவது வளைவா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"பின்னால் இரண்டு பட்டை சேர்த்துவிட்டால் போதும், தாங்கும்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஸ்பிரிங் பட்டையைச் சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவையே. ஏஸின் 12 அங்குல டயருக்கு அதன் பக்கச் சுவரிலேயே தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கிறது. பட்டை சேர்த்ததால் அந்த எண் மாறாது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது.

எடைக்கு அடுத்தது, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது. என் அனுபவத்தில், கேம்பர் வாங்க வருபவர்கள் கேட்காமலே விடும் கேள்வி இதுதான். நம் பக்கத்தில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரமானால் மாடு சுமந்தே களைத்துப்போகும். எனவே மூட்டையை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திவைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். சிறிய லாரியிலும் அதே கணக்குத்தான். உங்கள் ஏஸில் தளத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. எனவே தளத்தின் பின்பாதியில் வைக்கும் கனமான பொருள் எதுவும் அச்சுக்குப் பின்னால் போய்விடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர். பின் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி 100 கிலோ வைத்தால், பின் அச்சின் மீது 100 அன்று, 143 கிலோ ஏறும். முன் சக்கரங்களிலிருந்து 43 கிலோ கழியும். உங்களுக்கு வரைந்து தந்த படத்தில் சமையல் மேடை, நிறைந்த தொட்டி, உருளை ஆகிய மூன்றும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

சென்ற ஆண்டு என் பட்டறைக்கு நடமாடும் உணவு வண்டி ஒன்று வந்தது. வேறெங்கோ கட்டிய கூண்டு. "ஸ்டியரிங் லேசாக இருக்கிறது, மேட்டில் ஏறும்போது திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது" என்பதுதான் உரிமையாளரின் புகார். ஸ்டியரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. கீழே குனிந்து பார்த்தபோது பின்பக்க மட்கார்டின் உள்புறத்தில் விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய்த் தகரம் கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மேலேறி அங்கே உரசியிருக்கிறது. கூண்டை இறுக்கியிருந்த போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. தண்ணீர்த் தொட்டியையும் அடுப்பையும் பின்கதவை ஒட்டியே வைத்திருந்தார்கள். தொட்டியைக் கழற்றிக் கேபின் சுவரை ஒட்டி மாற்றியதும் ஸ்டியரிங் பழையபடி கனத்தது. எடையில் ஒரு கிலோவும் குறையவில்லை. அதன் இடம்தான் மாறியது.

இவ்வகைக் கூண்டுகள் பெருவழக்காக உள்ள அமெரிக்காவில், கூண்டின் எடை நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் கூண்டோடு தரும் கையேட்டில் குறித்துத் தர வேண்டும். லாரி தயாரிப்பாளரும் அந்தப் புள்ளி தளத்தின் எந்தப் பகுதிக்குள் விழ வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அங்கே இதற்கென விதியே இருக்கிறது. நம் பட்டறைகளில் அந்த வழக்கம் இல்லாததால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வழி எளிது. கூண்டின் அடியில் குறுக்காக ஓர் இரும்புக் குழாயைக் கொடுத்து, எந்த இடத்தில் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் பக்கச் சுவரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பிய நிலையிலும் அதைச் செய்ய வேண்டும். கூண்டை ஏற்றிய பின் அந்தக் கோடு பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும்; அச்சுக்கு நேராக விழுந்தாலே எனக்குத் திருப்தி இருக்காது.

கேபினுக்கு மேலே நீளும் படுக்கையைப் பற்றி இரண்டு செய்திகள். வெளிநாட்டுக் கூண்டுகளில் அது சாதாரணம். இடத்தை மிச்சப்படுத்தும், எடையை முன்னுக்கும் கொண்டுவரும். ஆனால் நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆம் விதி, ஏற்றிய பாரம் பக்கவாட்டில் பாடியைத் தாண்டக்கூடாது, முன்புறம் பாரத் தளத்தின் முன்விளிம்பைத் தாண்டக்கூடாது, பின்புறம் வண்டியின் கடைசி விளிம்பைத் தாண்டக்கூடாது என்கிறது. இறக்கி ஏற்றும் கூண்டு சட்டத்தின் பார்வையில் பாரம். அது கேபின் மேல் நீண்டால் முன்பக்க நீட்சி. தாண்டினால் 194(1A) பிரிவின்படி மறுபடியும் 20,000 ரூபாய். பாரத்தை இறக்கச் செலவும் உங்களுடையது. நீளத்தையும் பாருங்கள்: ஏழரை அடி என்பது 2,286 மி.மீ.; உங்கள் தளமோ 2,200. நான்கு விரற்கடைக்கு மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பின்கதவை மூட முடியாது, திறந்து தொங்கவிட்டால் நம்பர் பலகையும் விளக்குகளும் மறையும். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் போட்ட அளவு என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாவது செய்தி ஆச்சியைப் பற்றியது. உங்கள் கடிதத்தின் ஓரத்தில், அவர்களுக்கு முழங்கால் வலி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். நள்ளிரவில் எழுந்து, இருட்டில், ஏணிப் படியில் கால் வைத்து இறங்க வேண்டிய படுக்கையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அகலம் 1,490 மி.மீ. மட்டுமே என்பதால் குறுக்கே படுக்கவும் முடியாது. நீளவாக்கில், முழங்கால் உயரத்தில், இருக்கையாகவும் பயன்படும் இரு பலகைகளை நடுவில் இணைத்துப் படுக்கையாக்கும் அமைப்பே உங்களுக்கு ஏற்றது. தளம் தரையிலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழ் உயரத்தில் இருக்கும். ஏறுவதற்கு அகலமான இரண்டு படிகளும், கையில் உறுதியாகப் பிடிக்க ஒரு கம்பியும் கட்டாயம். இந்தப் படிகளைப் பட்டறைக்காரர் தாமாகச் செய்து தர மாட்டார்; சொல்லிச் செய்துகொள்ள வேண்டும்.

சட்டத்தில் இன்னும் ஒன்று. கூண்டைத் தளத்தோடு வெல்டு வைத்துவிட்டால் அது பாரம் அன்று, வண்டியின் மாற்றம். 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முழுமையான கேரவன் வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அந்த வழி தனியாள் ஒருவருக்கு எளிதன்று. எனவே உங்கள் கூண்டு கழற்றக்கூடியதாகவே இருக்கட்டும். சேஸில் துளை போடக்கூடாது, வெல்டு வைக்கக்கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போது கூண்டை இறக்கிவிட்டுப் போங்கள். வண்டி ஓடும்போது கூண்டுக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. பேரப்பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது. அது சரக்கு வண்டி. உள்ளே சீட் பெல்ட் இல்லை, விபத்து நேர்ந்தால் இழப்பீடும் சிக்கலாகும். காப்பீட்டு நிறுவனத்துக்கு, இப்படியொரு கூண்டைச் சொந்தப் பயணத்துக்காக ஏற்றிச் செல்வதாகக் கடிதம் எழுதி, அவர்களின் பதிலை எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் வரைபடத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. செலவழித்தபின் கேட்பதைவிடச் செலவழிக்கும் முன் கேட்பது மேல்.

அப்படியானால் எப்படிப்பட்ட கூண்டு? உங்கள் ஏஸுக்கு, கட்டி முடித்து எடை போட்டால் 260 கிலோ, மிகுந்தால் 300 கிலோவைத் தாண்டாத கூண்டு. கேபின் உயரத்துக்கு மேல் அதிகம் எழாமல், நிற்கும்போது மட்டும் கூரையைத் தூக்கி, பக்கவாட்டில் தார்ப்பாய்த் துணியால் மறைத்துக்கொள்ளும் வகை. ஓடும்போது தாழ்ந்திருப்பதில் பெரிய நன்மை இருக்கிறது. ஏஸ் குறுகலான வண்டி. ஆறடி உயரச் சுவர் என்பது பக்கவாட்டில் நான்கு சதுர மீட்டர் பரப்பு. காற்று அதை அப்படியே தள்ளும். நீங்கள் முதலில் போக நினைக்கும் இராமேசுவரத்துக்குப் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காற்று வீசும் நாளில் அந்தப் பாலத்தின் மேல் உயரமான கூண்டோடு போகிறவர் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். தாழ்ந்த கூண்டுக்கு இன்னொரு வசதி: புளியமரக் கிளையும், ஊர் நுழைவு வளைவும், ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலையின் உயரத் தடுப்பும் உங்களுக்குத் தடையாகா.

எடையைக் குறைப்பது பொருளில்தான் இருக்கிறது. தளம், கூரை, நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து முழு உயரக் கூண்டுக்கு ஏறத்தாழ 20 சதுர மீட்டர் பரப்பு வரும். வெளியே 1.2 மி.மீ. இரும்புத் தகடும் உள்ளே 4 மி.மீ. பிளைவுட்டும் வைத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ, அதாவது தாங்கும் சட்டகம் இல்லாமலே 240 கிலோ. நடுவில் 25 மி.மீ. நுரைப்பலகை, இருபுறமும் மெல்லிய ஃபைபர் தகடு என்று ஒட்டிய பலகையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. மொத்தம் 100 கிலோ. வெயிலையும் அதுவே தடுக்கும். விலை கூடுதல்தான். ஆனால் நீங்கள் ஏசிக்கும் பெரிய பேட்டரிக்கும் கொடுக்க இருந்த பணத்தை இங்கே போடுங்கள் என்பேன். அலமாரிகளை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்யாமல் 6 மி.மீ. பலகையும் அலுமினியச் சட்டமும் கொண்டு செய்தால் இன்னும் குறையும்.

ஏசி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சித்திரை வெயிலில் நம் ஊர் எப்படிக் காயும் என்பது எனக்கும் தெரியும். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1.2 முதல் 1.3 யூனிட். முழுதாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மின் இணைப்புக் கிடைக்காத இடத்தில் ஏசி வெறும் பாரம். அதே பேட்டரியில் 30 வாட் மின்விசிறி ஒன்று எட்டு மணி நேரம் ஓடினால் கால் யூனிட் மட்டுமே செலவாகும். விடியும்போது விளக்குக்கும் செல்போனுக்கும் நிறைய மீதமிருக்கும். லித்தியம் பேட்டரி 13 கிலோதான் என்பதால் 42 கிலோ மிச்சம். வெள்ளை நிறக் கூரை, எதிரெதிராக இரண்டு ஜன்னல், சூடான காற்று வெளியேறக் கூரையில் ஒரு திறப்பு, கொசுவலை. நம் வீடுகளின் முற்றம் செய்யும் வேலையை அந்தக் கூரைத் திறப்பு செய்யும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மலைக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய்க் கூரையை நம்பிக் கடலோரம் போக வேண்டாம்.

கழிப்பறையும் குளியலறையும் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இராமேசுவரத்திலும் பழனியிலும் நகரத்தார் சத்திரங்கள் இருக்கின்றன. அங்கே குளித்து, உடை மாற்றிக்கொள்ளும் வசதி உங்களுக்கு உண்டு. அப்படியிருக்க, தண்ணீரையும் கழிவையும் ஊர் ஊராகச் சுமப்பது தேவையற்றது. இரவு அவசரத்துக்குக் கையில் தூக்கிச் செல்லும் சிறிய பெட்டிக் கழிப்பறை போதும். அதேபோல 60 லிட்டர் தொட்டிக்குப் பதில் 20 லிட்டர் கேன்கள் இரண்டு. கேபின் சுவரை ஒட்டி, தரையோடு, பட்டி போட்டு இறுக்கி. பாதி நிறைந்த பெரிய தொட்டியில் தண்ணீர் அலைமோதி வண்டியை அசைப்பதும் இதனால் இல்லாமல் போகும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். கூண்டு 260, தண்ணீர் 40, பேட்டரி 13, சோலார் 20, எரிவாயு உருளை 13, சாமான்கள் 70, மொத்தம் 416. உங்கள் 610-இல் 194 மீதம். இந்த மீதத்தை நிரப்பத் தேடாதீர்கள். கூண்டு சொன்னதைவிட 40 கிலோ கூடினாலும், திரும்பும்போது பழனியில் பஞ்சாமிர்தமும் கொல்லிமலையில் பலாப்பழமும் மிளகும் ஏறினாலும், மலைப் பாதையில் என்ஜினும் பிரேக்கும் திணறாமல் இருப்பது இந்த மீதத்தால்தான்.

எரிவாயுவில் சமரசம் வேண்டாம். சமையல், கூண்டுக்கு வெளியே, பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் நடக்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே உருளைக்கென்று தனி அறை, கூண்டின் உள்பக்கத்துக்குத் துளியும் வழியில்லாமல், வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும்படி, அடித்தளத்தில் வெளிக்காற்றுக்குத் துளையோடு இருக்க வேண்டும். பக்கச் சுவரின் மேலே துளை போட்டுவிட்டு "காற்றோட்டம் வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். படுத்தபின் அடுப்போ கரியோ உள்ளே எரியக்கூடாது.

பிடிமானத்தையும் கவனியுங்கள். கூண்டுக்கு அடியில் தளம் முழுவதும் கெட்டி ரப்பர் விரிப்பு. நான்கு மூலையிலிருந்தும் சேஸ் சட்டத்தைப் பிடித்த யு-போல்ட் கொக்கிக்கு, திருகி இறுக்கும் டர்ன்பக்கிள். பக்கப் பலகையின் வளையத்தில் கட்டுவது சாக்குப் பாரத்துக்குப் போதும், காற்று வாங்கும் கூண்டுக்குப் போதாது. முதல் நாள் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நான்கையும் மறுபடி இறுக்குங்கள். புதுக் கூண்டு படிந்து இடம் கொடுக்கும்.

இறக்கி வைக்க நான்கு மூலை ஜாக்கிகள் தேவை. அவற்றின் இடைவெளி, வண்டி பின்னோக்கி நுழையும்போது இருபுறமும் ஒரு கையளவாவது விட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டின் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது, அங்கே பழைய வண்டிக் கொட்டகை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம். ஆனால் உத்திரத்தின் உயரத்தை முதலில் அளந்து, அதிலிருந்து ஒரு சாண் கழித்து, அதைப் பட்டறைக்குக் கொடுங்கள். கூண்டை ஏற்றிய வண்டி உள்ளே நுழையாவிட்டால் ஒவ்வொரு முறையும் தெருவில் வைத்து ஏற்றி இறக்க வேண்டிவரும். நம் செம்மண் காய்ந்திருக்கும்போது கல். இரண்டு மழை பெய்தால் ஜாக்கியின் கால் இறங்கிவிடும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஓரடிச் சதுரப் பலகை வேண்டும். இறக்கி வைத்த கூண்டுக்குள் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே ஏறுங்கள்.

முன்பணத்துக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கடையில் ஆள் இருக்கும் ஒரு நாளில், 25 கிலோ அரிசி மூட்டை 16, அதாவது 400 கிலோ, கூண்டின் பாரம் எங்கே விழுமோ அங்கெல்லாம் பிரித்து வையுங்கள். ஆச்சியையும் உட்காரவைத்துக்கொண்டு, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியையும் ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒருமுறை என மூன்று சீட்டு வாங்குங்கள். பாரமில்லாமலும் அதே மூன்று சீட்டு வேண்டும். பாரம் ஏற்றியபின் முன் சக்கரங்களின் எடை முன்னைவிடக் குறைந்திருந்தால் மூட்டைகளை முன்னால் நகர்த்திப் பார்த்து, எங்கே சரியாகிறதோ அந்த இடத்தைச் சாக்கட்டியால் தளத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தோடு பிள்ளையார்பட்டிவரை ஓட்டிப் பாருங்கள். வேகத்தடையிலும் திருப்பத்திலும் வண்டி சொல்வதை உங்கள் கையும் இடுப்பும் உணரும். இத்தனை காலம் அந்த வண்டியில் இரும்பு ஏற்றியவர் நீங்கள். உங்கள் கணிப்பை நான் நம்புகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்று நடமாடும் உயரமும் ஏசியும் உள்ளே சமையலும் இருந்தே தீர வேண்டும் என்று ஆச்சி விரும்பினால், அதற்கு ஏஸ் வேண்டாம். ஒன்றேகால் டன், ஒன்றரை டன் தாங்கும் தோஸ்த், பொலிரோ பிக்கப் வகை வண்டியைப் பாருங்கள். தளம் எட்டடிக்கு மேல் கிடைக்கும், 480 கிலோ கூண்டு அதற்கு ஒரு பாரமே இல்லை. கடைக்கும் அது பயன்படுமா என்பதை உங்கள் மகனோடு பேசி முடிவெடுங்கள். கூண்டுக்காக மட்டும் வண்டி மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டறையோடு பேசும்போது, கட்டி முடித்த கூண்டின் எடை, எடை நடுப்புள்ளியின் இடம், நீள அகல உயரம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எடை மேடைச் சீட்டு 300 கிலோவைத் தாண்டினால் கூண்டை எடுத்துக்கொள்ள மாட்டேன், முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். அதற்கு ஒப்பும் பட்டறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் முன்பணம் கொடுங்கள். எடைச் சீட்டுகள் எல்லாவற்றின் நகலையும் கொட்டகை உத்திரத்தின் உயரத்தையும் எனக்கு அனுப்பினால், படுக்கை, தண்ணீர், பேட்டரி ஆகியவை எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று வரைபடமாகவே போட்டு அனுப்புகிறேன்.